தீர்வையற்ற துறைமுக வலயத்தில் வியாபாரம்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்து வியாபாரிகளும், அவர்களோடு சேர்ந்து காசு போட வெளிநாட்டில் காத்திருக்கும் உறவுகளும் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் சேர்த்து எழுதியிருக்கிறேன். வர்த்தமானிகள் மாறும், வரி வீதங்களும் மாறும். அதனால் காசை இறக்குமுன் முதலீட்டுச் சபையிடமும் சுங்கத்திடமும் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வியாபாரம் ஓடுகிற விதம் மட்டும் அவ்வளவு லேசில் மாறுவதில்லை.

தீர்வையற்ற துறைமுகம் என்பது விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடை மாதிரியா?

இல்லை. அந்தக் கடை பயணிக்குச் சில்லறையாக விற்கிறது. துறைமுக வலயம் மொத்தச் சரக்குக்கானது.

ஒரு பொருள் கப்பலிலிருந்து இறங்கியவுடன் நாட்டுக்குள் வந்துவிட்டதாகச் சுங்கம் கணக்கெடுப்பதில்லை. திண்ணையில் வந்து இருப்பவர் வீட்டுக்குள் வந்தவராக மாட்டார் அல்லவா, அப்படித்தான். வலயத்துக்குள் இறங்கிய சரக்கை அங்கேயே வைத்திருக்கலாம், தரம் பிரிக்கலாம், பொதி மாற்றலாம், லேபல் ஒட்டலாம், பிறகு இன்னொரு நாட்டுக்கு ஏற்றி அனுப்பலாம். நாட்டுக்குள் நுழையவே இல்லை என்பதால் இறக்குமதித் தீர்வை இல்லை.

இலங்கையில் இதற்கான அடித்தளம் 2012ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நிதிச் சட்டமும் அதன் கீழ் 2013இல் வந்த வர்த்தக மைய ஒழுங்குவிதிகளும். கொழும்பும் அம்பாந்தோட்டையும் சுதந்திரத் துறைமுகங்களாக, அதாவது தீர்வையற்ற துறைமுகங்களாக அறிவிக்கப்பட்டன. கட்டுநாயக்க, கொக்கல, மிரிஜ்ஜவில வலயங்களும் மத்தள விமான நிலையப் பகுதியும் பிணைப் பிரதேசங்களாயின (தீர்வை கட்டாத சரக்கைச் சுங்கக் கண்காணிப்பில் வைத்திருக்கும் இடங்கள்). வன்னியில் அப்படி அறிவிக்கப்பட்ட இடம் எதுவுமில்லை. ஆகவே சரக்கு கொழும்பிலோ தெற்கிலோ இருக்கும், நீங்கள் இங்கிருந்து நடத்துவீர்கள். இது நடக்கக்கூடிய காரியம்தான்.

வலயத்துக்குள் என்னென்ன வியாபாரம் செய்ய விடுவார்கள்?

முதலாவது மீள் ஏற்றுமதி. ஒரு நாட்டிலிருந்து கொண்டுவந்து, சிறு வேலைகள் செய்து, இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது. இரண்டாவது, பொருள் இலங்கைக்கு வராமலே ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் விற்பது. மூன்றாவது, பல நாட்டுச் சரக்கை ஒரே கொள்கலனில் சேர்ப்பது, பிணைக் களஞ்சியம் நடத்துவது போன்ற சேவைகள். இவை தவிர வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான முன்னிலைச் சேவைகளும், பெரிய கொள்வனவாளர்களின் தலைமையகப் பணிகளும் உண்டு. கடைசி இரண்டும் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அண்ணை, தீர்வையில்லாமல் இறக்கிக் கிளிநொச்சிச் சந்தையில் மலிவாக விற்கலாம் என்கிறார்களே?

முடியாது. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்; அதிகம் பேர் ஏமாற்றப்படுவதும் இதில்தான். வலயத்திலிருந்து ஒரு மூட்டை வெங்காயம் உள்நாட்டுக்குள் வந்தாலும் அது சாதாரண இறக்குமதிதான். வெங்காயம், பருப்பு, சீனி போன்றவற்றுக்கு விசேட வர்த்தகப் பொருள் வரி இருக்கிறது. மற்றப் பொருட்களுக்கு அவற்றின் எச்.எஸ். குறியீட்டை (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் இலக்கம்) பொறுத்துச் சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, பெறுமதி சேர் வரி என்று ஒன்றன் மேல் ஒன்றாக வரும். இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவையான பொருளென்றால் அதையும் எடுக்க வேண்டும்.

வலயத்துச் சரக்கை மீள் ஏற்றுமதி என்று காட்டிவிட்டு வெளியே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பிடிபட்டால் சரக்கு பறிமுதல். சுங்கக் கட்டளைச் சட்டப்படி பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டமும் வரலாம். சரக்கு யாரோ ஒருவருடைய யோசனையில் வெளியே போயிருக்கும், பெயர் உங்கள் கம்பனியுடையதாக இருக்கும்.

நான் வன்னிப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் நினைக்கிறேன். எனக்கு வலயம் தேவையா?

தேவையில்லை. இதைத் தெளிவாக விளங்கிக்கொண்டால் நிறையக் காசும் அலைச்சலும் மிச்சம். தீர்வை என்பது உள்ளே வரும் பொருளுக்கு. உங்கள் உழுந்து, கச்சான், பனங்கட்டி, ஒடியல், கருவாடு எல்லாம் இங்கே விளைந்தவை, இங்கே செய்தவை. அவற்றுக்கு இறக்குமதித் தீர்வை என்ற பேச்சே இல்லை. ஏற்றுமதிக்குப் பெறுமதி சேர் வரியும் பூச்சிய வீதம்தான்.

உங்களுக்கு வேண்டியது சாதாரண ஏற்றுமதிப் பதிவு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் வழிகாட்டல், பொருளுக்கான சான்றிதழ். தாவரப் பொருளுக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழும் மீனுக்கும் நண்டுக்கும் கடற்றொழில் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கச்சானில் அஃப்லாடொக்சின் சோதனை மிக முக்கியம். ஐரோப்பாவில் அந்தப் பூஞ்சண நஞ்சு அளவை மீறினால் முழுக் கொள்கலனையும் நிறுத்திவிடுவார்கள். அறுவடை முடிந்து சரியாகக் காயாத கச்சானை மூட்டை கட்டினால் அந்தச் சிக்கல் தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதற்குத் துறைமுகத்தில் மருந்தில்லை.

பனை உற்பத்தி செய்யும் பெண்கள் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். அவர்களுக்குக் காய வைக்கும் இடம், பொதி செய்யும் யந்திரம், ஒரே தரம் இவைதான் வேண்டும். அந்தக் காசை வலயத்துக் கனவில் போட வேண்டாம்.

அப்படியென்றால் வன்னிக்காரனுக்கு வலயத்தால் என்ன பயன்?

உண்டு. என் கணிப்பில் பெரிய பயன் ஒன்றுதான்: சரக்குச் சேர்ப்பு.

ரொறன்ரோவில் ஒரு தமிழ் மொத்தக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு கொள்கலன் நிறையப் பனங்கட்டி வேண்டாம். இருபதடிக் கொள்கலனுக்குள் கிட்டத்தட்ட 33 கன மீற்றர் போகும். அவ்வளவு பனங்கட்டியை அவர் எத்தனை வருடம் வைத்து விற்பது? அவருக்கு வேண்டியது பனங்கட்டியில் சில பெட்டி, புழுக்கொடியலில் சில பெட்டி, அரிசிமா, கறித்தூள், இந்தியப் பருப்பு, தாய்லாந்து அரிசிமா அப்பளம், எல்லாம் கலந்த ஒரு கொள்கலன். இன்று அவர் இதைத் துண்டு துண்டாக வேறு வேறு ஆட்களிடம் வாங்குகிறார். துண்டுச் சரக்குக்குக் கன மீற்றர் கணக்கில் கட்டணம் கூட. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆவணம், தனித்தனி இறக்கு கூலி.

இதையே கொழும்பில் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இந்தியப் பருப்பு தூத்துக்குடியிலிருந்து வந்து வலயத்துக் களஞ்சியத்தில் இறங்குகிறது, தீர்வை இல்லை. கிளிநொச்சியில் பொதி செய்த உங்கள் சரக்கு ஏற்றுமதிப் பிரகடனத்தோடு லொறியில் போய் அதே களஞ்சியத்தில் சேர்கிறது. இரண்டும் ஒரே கொள்கலனில் ஏறுகின்றன. கடைக்காரருக்கு ஒரே இன்வொய்ஸ், ஒரே கப்பல் சீட்டு (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி தரும் ஆவணம்). தனியாகப் போனால் யாரும் கேட்காத எங்கள் ஒடியல், பருப்போடு சேர்ந்து போகும்போது ரொறன்ரோக் கடையின் தட்டுக்கு வந்துவிடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே இதனால்தான்.

கொழும்பு இதற்கு ஏற்ற இடம். 2024இல் இருபதடிக் கணக்கில் 7.7 மில்லியனுக்கும் மேற்பட்ட கொள்கலன்களை அது கையாண்டது. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தவை அல்ல. கப்பல் மாறிப் போனவை. கப்பல்கள் எல்லாத் திசைக்கும் போவதால் சரக்குச் சேர்ப்புக்கு வாய்ப்பு அதிகம்.

சொந்தமாக வலயக் கம்பனி தொடங்க எவ்வளவு வேண்டும்?

வர்த்தமானி குறைந்தபட்ச முதலீட்டை டொலரில், மில்லியன் கணக்கில் சொல்கிறது. தொழிலின் வகையைப் பொறுத்து அது வேறுபடும். மாமா இரண்டு பேர் சுவிஸிலிருந்து அனுப்பும் காசில் ஆரம்பிக்கும் அளவு அல்ல. விண்ணப்பத்தின் வாசல் இலங்கை முதலீட்டுச் சபை. திட்ட அறிக்கை, பங்குதாரர் விபரம், காசு வரும் வழி, வாங்குபவர்களின் கடிதங்கள் எல்லாம் கேட்பார்கள்.

அவ்வளவு காசு இல்லை. விட்டுவிடுவதா?

விட வேண்டாம். ஏற்கெனவே அனுமதி எடுத்துக் களஞ்சியம் நடத்துகிற நிறுவனங்கள் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. அவர்களிடம் இடத்தை வாடகைக்கு எடுக்கலாம். பொதி மாற்றுவது, லேபல் ஒட்டுவது, கொள்கலனில் ஏற்றுவது எல்லாவற்றையும் அவர்களே கூலிக்குச் செய்து தருவார்கள். நீங்கள் சாதாரண ஏற்றுமதிக் கம்பனியாக இருந்துகொண்டு அவர்களுடைய அனுமதியின் நிழலில் சரக்குச் சேர்க்கலாம். வன்னியிலிருந்து தொடங்குகிற பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பேசும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். வாடகை பலற் (பெட்டிகளை அடுக்கும் தட்டு) கணக்கிலா கன மீற்றர் கணக்கிலா, எத்தனை நாள் இலவசம், சேதம் வந்தால் யார் பொறுப்பு. பனங்கட்டி ஈரம் இழுக்கும். கொழும்புக் காற்றில் இரண்டு கிழமை திறந்த களஞ்சியத்தில் கிடந்தால் பெட்டியின் அடியில் பாகு கசிந்து நிற்கும். குளிர்காற்று வசதியுள்ள பகுதிக்கு எவ்வளவு கூட என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் கிளிநொச்சியில் கறித்தூள் அரைத்து ஏற்றுமதி செய்கிறீர்கள், மிளகாயோ இந்தியாவின் குண்டூரிலிருந்து வருகிறது என்று வையுங்கள். ஏற்றுமதிக்காகவே இறக்கும் மூலப்பொருளுக்குத் தற்காலிக இறக்குமதித் திட்டம் சுங்கத்தில் இருக்கிறது. உத்தரவாதம் வைத்துத் தீர்வை கட்டாமல் இறக்கி, தூளாக ஏற்றுமதி செய்தபின் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். எவ்வளவு மிளகாய்க்கு எவ்வளவு தூள், எவ்வளவு கழிவு என்று கிலோக் கணக்குச் சரியாக நிற்க வேண்டும். மில்லில் பதிவுப் புத்தகம் வைக்கும் பழக்கமில்லாதவர் இதில் இறங்கக் கூடாது.

வெளிநாட்டுப் பொருளை வலயத்தில் பொதி மாற்றி ‘இலங்கை உற்பத்தி’ என்று அனுப்பலாமா?

கூடவே கூடாது. பொதி மாறினால் பிறந்த நாடு மாறாது. இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சலுகை பெற இங்கே குறைந்தது 35 சதவீதப் பெறுமதி சேர்ந்திருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் பாவித்தால் இரண்டு நாடும் சேர்ந்து 35, அதில் இலங்கையின் பங்கு 25. சாக்கை மாற்றுவதும் கல் பொறுக்குவதும் அந்தக் கணக்கில் வராது.

மிளகில் நடந்ததை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். வேறு நாட்டு மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் இந்தியாவுக்குப் போகிறது என்று அங்குள்ள தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அடி விழுந்தது ஏமாற்றியவருக்கு மட்டுமல்ல. கண்டியிலும் மாத்தளையிலும் உண்மையாக மிளகு நட்ட சிறு விவசாயிக்கும் சேர்த்துத்தான். வன்னி உழுந்துக்கோ கச்சானுக்கோ அப்படி ஒரு நிலை வந்தால் தாங்குவதற்கு இங்கே கையிருப்புள்ள ஆட்கள் இல்லை.

கம்பனியைக் கொழும்பில்தான் பதிய வேண்டுமா?

இல்லை. பதிவு முகவரி பரந்தனாகவும் இருக்கலாம், புதுக்குடியிருப்பாகவும் இருக்கலாம். பிரதேச செயலகம் மூலம் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும் இதற்குப் போதாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரையறுத்த தனியார் கம்பனி தேவை. ஒரே பங்குதாரரோடும் பதியலாம். முழுவதையும் இணையத்திலேயே செய்யலாம். முதலில் பெயர் அனுமதி, பிறகு படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19, கூடவே கம்பனியின் அமைப்பு விதிகள். பதிந்தபின் மூன்று மொழிப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம், வங்கிக் கணக்கு, சுங்கத்தில் பதிவு. பிரகடனம் போடுவது, பரிசோதனைக்கு நிற்பது எல்லாம் சுங்க முகவரின் வேலை. எங்கள் ஆட்கள் வார்ஃப் கிளார்க் என்று சொல்வது அவரைத்தான். நல்ல முகவர் ஒருவர் கிடைத்தால் கொழும்புப் பயணம் பாதியாகக் குறையும். ஆனால் வெற்றுத் தாள்களில் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள். எவ்வளவு பழகினவராக இருந்தாலும் சரி.

அமைப்பு விதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

கம்பனியின் நோக்கத்தில் மீள் ஏற்றுமதியும் சரக்குச் சேர்ப்பும் வெளிப்படையாக இருக்கட்டும். உறவுக்காரர் பலர் காசு போடுகிறார்களென்றால் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன விலை, இலாபம் எப்போது பிரிப்பது என்று தனி உடன்படிக்கையும் எழுதுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பார்கள். அண்ணன் தம்பி உறவு நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கனடாவில் இருக்கும் அத்தான் காசு போடுகிறார். எப்படிக் கொண்டுவருவது?

வங்கி வழியாக, அவருடைய பெயரில் திறந்த உள்முக முதலீட்டுக் கணக்குக்கு. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி அந்தக் கணக்கு வழியாக வந்த முதலீட்டுக்குத்தான், பின்னாளில் இலாபத்தையும் முதலையும் திருப்பி வெளியே கொண்டுபோக நேரான பாதை இருக்கிறது. வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த காசு, சட்டத்தின் கண்ணில் முதலீடே அல்ல. பத்து வருடம் கழித்து அத்தான் தன் பங்கை விற்றுக் காசைக் கொண்டுபோக நினைத்தால் வங்கி முதலில் கேட்பது அந்தக் காசு உள்ளே வந்த தாளை. அது இல்லையென்றால் குடும்பத்துக்குள்ளேயே மனஸ்தாபம் வரும்.

காணி விஷயமும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனி இங்கே காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். அத்தான் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் இந்தத் தடை அவருக்கு இல்லை. கிளிநொச்சியில் பொதி செய்யும் ஸ்டோர் போட நினைப்பவர்கள் பங்கைப் பிரிக்குமுன்பே இதைப் பார்க்க வேண்டும்.

வங்கியில் எல்சி (ஆவணங்கள் சரியாக இருந்தால் காசு தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வசதி கேட்டால் ஈடு கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி.

வன்னி வியாபாரிக்கும் கொழும்பு வியாபாரிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். இங்குள்ள குடியேற்றத் திட்டக் காணிகளில் மிகப்பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. உறுதிக் காணி போல அதை எந்த வங்கியிலும் ஈடு வைக்க முடியாது. இரணைமடு நீர் பாயும் அருமையான வயல் இருக்கும், நாற்பது வருடம் உழுத கை இருக்கும், ஆனால் வங்கி மனேஜரின் மேசையில் அதற்குப் பெறுமதி இல்லை. இது பெரிய அநியாயம். இங்கே வியாபாரம் வளராததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் இந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? ஒன்று, இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் போங்கள். வாங்குபவர் காசு தராவிட்டால் அதற்குக் காப்புறுதியும், ஏற்றுமதிக் கடனுக்காக வங்கிக்கு உத்தரவாதமும் கொடுப்பது அவர்களுடைய வேலை. இரண்டு, மாற்றத்தக்க எல்சி. வாங்குபவர் உங்கள் பெயரில் திறந்த எல்சியின் ஒரு பகுதியை, நீங்கள் பொருள் எடுக்கும் இந்திய வியாபாரிக்கு மாற்றிக் கொடுக்கலாம். உங்கள் காசு அதில் முடங்காது. எல்சி திறக்கும்போதே மாற்றத்தக்கது என்ற சொல் அதில் இருக்க வேண்டும், பிறகு சேர்ப்பது கஷ்டம். மூன்று, முதல் சில ஏற்றுமதிகளுக்குப் பாதி முற்பணம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஏற்றுமதிக் காசு, சரக்கை அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். சொந்தக்காரர் கடை என்று ஒரு வருடக் கடனுக்கு அனுப்பினால் விதியை மீறியவராகி நிற்பது நீங்கள்தான்.

பொருள் இலங்கைக்கு வராமலே வாங்கி விற்கலாம் என்றீர்களே, அது எப்படி?

தூத்துக்குடியில் வாங்கிய அரிசியை நேரே மாலைதீவுக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். தூத்துக்குடி வியாபாரி உங்களுக்கு இன்வொய்ஸ் தருவார், நீங்கள் மாலைதீவுக்காரருக்கு இன்வொய்ஸ் போடுவீர்கள். நடுவிலுள்ள வித்தியாசம் உங்களுடையது. கப்பல் சீட்டில் அனுப்புநர் பெயரை மாற்றி இரண்டாம் சீட்டு எடுப்பது இந்த வியாபாரத்தில் வழமை. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கண்டுபிடித்து அடுத்தமுறை உங்களை விட்டுவிடுவார்கள். ஆனால் ஏற்றிய துறைமுகத்தையும் பொருளின் நாட்டையும் அதில் மாற்றக் கூடாது.

களஞ்சியம் வேண்டாம், லொறி வேண்டாம், தொலைபேசியும் மின்னஞ்சலும் போதும் என்று தோன்றும். உண்மையில் இதுதான் மிகவும் கஷ்டமான வகை. பொருளைக் கண்ணால் காணாமலே தரத்துக்குப் பொறுப்பேற்கிறீர்கள். ஏற்றுமுன் அங்கேயே சுயாதீனப் பரிசோதனை நிறுவனத்தைக் கொண்டு தரச் சான்று எடுக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கொழும்புத் துறைமுக நகரம்?

அது வேறு. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம், 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி ஆணைக்குழு. கொடுக்கல் வாங்கல் வெளிநாட்டு நாணயத்தில். 2024இல் அங்கே தீர்வையற்ற கடைத்தொகுதியும் திறந்தது. நிதிச் சேவை, தகவல் தொழில்நுட்பம், பெரிய பிராண்டுகள் போன்றவற்றுக்கு ஏற்ற இடம். உழுந்தும் பருப்பும் சேர்க்கிறவருக்கு அங்கே வேலையில்லை.

டுபாய் ஜெபல் அலியில் பதிந்தால் சுகம் என்கிறார்கள்.

1985இல் தொடங்கிய ஜெபல் அலி வலயம் நன்றாக ஓடும் இடம்தான். தனி ஆளாகவும் பதியலாம், முழு உரிமையும் வெளிநாட்டவருக்கு உண்டு. ஆனால் அங்கிருந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் விற்றால் பொதுவாக 5 சதவீதச் சுங்கத் தீர்வை. 2023 ஜூனிலிருந்து 9 சதவீதக் கம்பனி வரியும் வந்துவிட்டது. வலயக் கம்பனிக்குப் பூச்சிய வீதம் நிபந்தனைகளோடுதான். அனுமதிப்பத்திரம், அலுவலக வாடகை, விசா என்று வருடாவருடம் செலவு. டுபாயில் வசிக்கும் உறவு அங்கேயே முழுநேரமாகச் செய்வதென்றால் நல்லது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு அங்கே கம்பனி வைக்க இலங்கையிலிருந்து காசு அனுப்புவதற்குச் செலாவணி விதிகளில் வரம்பு இருக்கிறது.

காங்கேசன்துறை, தலைமன்னார், திருகோணமலை கிட்டவே இருக்க ஏன் கொழும்புக்கு ஓட வேண்டும்?

நியாயமான கேள்வி. வவுனியாவிலிருந்து திருகோணமலை நூறு கிலோமீற்றர் அளவுதான், கொழும்பு அதைவிட இரண்டரை மடங்கு தூரம். ஆனால் சரக்குச் சேர்ப்புக்கு வேண்டியது வழமையாக வந்துபோகும் கொள்கலன் கப்பல். திருகோணமலை கோதுமை, சீமெந்து போன்ற பெருந்தொகைச் சரக்குத் துறைமுகம். காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. அதில் பயணப் பொதியாகக் கொண்டுவரும் சாமானை வைத்து வியாபாரம் கட்ட முடியாது.

தலைமன்னாருக்கும் ராமேஸ்வரம் தீவின் தனுஷ்கோடி முனைக்கும் நடுவே கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர் கடல்தான். 1914 முதல் தனுஷ்கோடியும் தலைமன்னாரும் ரயிலாலும் கப்பலாலும் இணைந்திருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர்க்காலத்தில் நின்றது. ஓர் இறங்குதுறையும் ஒரு சுங்கக் களஞ்சியமும் மன்னாரில் மீண்டும் இயங்கினால் வன்னியின் வியாபாரக் கணக்கே மாறும். அதைக் கேட்க வேண்டியது எங்கள் வர்த்தகச் சங்கங்களின் கடமை. ஆனால் வரும் என்று நம்பி இன்றைக்கே கடன் எடுக்காதீர்கள். பரந்தன், மாங்குளம் முதலீட்டு வலயத் திட்டங்களுக்கும் இதையே சொல்வேன். அவை தொழிற்சாலைகளுக்கான வலயங்கள், துறைமுக வலயம் அல்ல.

தீர்வை இல்லையென்றால் வருமான வரியும் இல்லைதானே?

இல்லை, அது வேறு வரி. கம்பனிகளுக்கான பொது வருமான வரி வீதம் 30 சதவீதம். உங்கள் தொழிலுக்குச் சலுகை ஏதும் பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அடையாள அட்டையில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து. பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. இடம்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்து, பிறகு வெவ்வேறு காலத்தில் பிரதி எடுத்ததால் வன்னியில் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் ஓர் ஆங்கில எழுத்து கூட. ஊருக்குள் இதனால் ஒன்றும் குறையாது. எல்சியில் உங்கள் கம்பனியின் பெயரோ முகவரியோ இன்வொய்ஸில் உள்ளதோடு ஒத்துவராவிட்டால் வங்கி ஆவணத்தை நிராகரிக்கலாம். சரக்கு அங்கே இறங்கிவிடும், காசு இங்கே வராது.

கம்பனி பதியுமுன் இதைச் சரிசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்வதுதான் நல்லது. உடனே முடியாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள். பணிப்பாளராக வரும் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும், வெளிநாட்டில் இருப்பவருக்கும் சேர்த்து. கம்பனியின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதிய ஒரு தாளை மேசையில் ஒட்டி வைத்து, இன்வொய்ஸ் அடிக்கும் பிள்ளை அதைப் பார்த்தே அடிக்கட்டும்.